சூரை மீன் தின்று முகம் சிவந்தால் அது மீன் அலர்ஜியா?

பாம்பனில் வாங்கிய சூரையைச் சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து தடித்தது. அலர்ஜி மாத்திரையோடு வயிற்று அமில மாத்திரையும் ஏன் தந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் இது மீன் அலர்ஜி இல்லை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் பாக்டீரியாக்கள் மீன் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜியின்போது நம் உடம்பே வெளிவிடும் அதே வேதிப்பொருள்தான் ஹிஸ்டமின். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. நாக்கில் மிளகு போலச் சுரீரென்றால் துப்பிவிடுங்கள்.

ஹிஸ்டமினுக்கு உடம்பில் எச்1 முதல் எச்4 வரை நான்கு வகை ஏற்பிகள், அதாவது அது வந்து ஒட்டி வேலையைத் தொடங்கும் இடங்கள். தோல் அரிப்பு, தடிப்பு எச்1 வேலை. செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை அதைத்தான் தடுக்கும். எச்2 வயிற்றில் அமிலம் சுரக்க வைக்கும், ரத்தக்குழாய்களிலும் உண்டு. அதைத் தடுக்கத்தான் இரண்டாவதாக அந்த வயிற்று அமில மாத்திரை. எச்2வைத் தடுக்கும் மருந்துகளுக்கு வழி திறந்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பெற்றார். எச்3 முக்கியமாக மூளையில், எச்4 நோயெதிர்ப்புச் செல்களில்.

சரி, மூச்சு திணறினால் மாத்திரையோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.