ஆகாயக்கப்பலின் தண்ணீர்க் கணக்கு – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாவல்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நானும் ஒரு ஸ்டீம்பங்க் ஃபேண்டஸி (நீராவி இயந்திரக் காலத்தில் நடக்கும் மாயக்கதை) எழுதி முடித்திருக்கிறேன். 1890களில் தூத்துக்குடியிலிருந்து நீராவியில் ஓடும் ஆகாயக்கப்பல் ஒன்று ஆடி மாதத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலை தாண்டிக் கொல்லம் போகிறது. வில்லன் ஒரு ஜமீன்தார். வாசிக்கக் கொடுத்தவர்களில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் கப்பல் பறக்கும் அத்தியாயத்தில் நிறுத்தி “இது ஒரு மைல் போகாது” என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு பேர் அதே அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டார்கள். யட்சி வருகிற கதையில் எஞ்சினை மட்டும் ஏன் குடைகிறார்கள்? இயந்திர விவரம் எவ்வளவு வேண்டும்? இதை நம்பி வேலையை விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யட்சி எதைத் தின்று பறக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. பாய்லர் என்று எழுதிவிட்டால் கேட்பார்கள். ரயில்வேக்காரர் உங்கள் கற்பனையைக் குறை சொல்லவில்லை. கப்பலில் தண்ணீர்த் தொட்டி எங்கே என்றுதான் தேடியிருப்பார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து கொல்லம் நேர்கோட்டில் ஏறக்குறைய 170 கி.மீ. மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். 50 குதிரைத்திறன் எஞ்சின் என்று வைப்போம். நீராவியை வெளியே விட்டுவிடும் சாதாரண எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 15 கிலோ நீராவி கேட்கும். ஆக மணிக்கு 750 லிட்டர் தண்ணீர், நாலு மணிக்கு 3,000 லிட்டர். ஒரு கிலோ நல்ல நிலக்கரி ஏழு கிலோ தண்ணீரை ஆவியாக்கினால் பெரிது. கரி 430 கிலோ. விறகு என்றால் எடை ஏறக்குறைய இரட்டிப்பு. கப்பலின் பையில் நிரப்பும் ஹைட்ரஜன் வாயு, ஒரு கன மீட்டர், நம்மூர் வெயிலில், ஒரு கிலோ தூக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரையும் கரியையும் தூக்கவே 3,400 கன மீட்டர் வாயு போய்விட்டது. எஞ்சின், துணி, கயிறு, உங்கள் கதாநாயகி எல்லாம் அதற்கு மேல்.

அதோடு முடியவில்லை. தண்ணீர் தீரத் தீரக் கப்பல் லேசாகி மேலே ஏறும். கீழே நிறுத்த வேண்டுமானால் வாயுவைத் திறந்துவிட வேண்டும். நாலு மணி நேரத்தில் 3,000 கன மீட்டர் விட்டாயிற்று என்றால், கொல்லத்தில் ஹைட்ரஜன் செய்து திரும்ப நிரப்ப ஏழரை டன் இரும்புத்தூளும் 13 டன் கந்தக அமிலமும் வேண்டும். அது அங்கே யார் கிடங்கில் இருக்கிறது? உங்கள் நாவலின் வில்லன் அந்தக் கிடங்குக்காரன்தான். இப்போது வருகிற ஜமீன்தார் எதற்கு என்றே தெரியவில்லை.

கன்டென்சர் வைத்து நீராவியைக் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்கலாமே என்பீர்கள். ஆக்கலாம். ஆனால் சிலிண்டருக்குப் போட்ட கொழுப்பும் எண்ணெயும் அந்தத் தண்ணீரோடு பாய்லருக்குத் திரும்பி வந்து குழாய்களில் படியும். படிந்த இடத்தில் தண்ணீர் உலோகத்தைத் தொடாது, தகடு சிவந்து வீங்கும். தூத்துக்குடி உப்புத் தண்ணீரை ஊற்றினால் வேறு விதமான சங்கடம்: பாய்லர் நுரைத்துத் தண்ணீரும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். நீராவியை பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டர் மூடி பிளந்துவிடும். உங்கள் ஏழாம் அத்தியாயத்தில் ‘எஞ்சின் பயங்கரமாக வெடித்தது’ என்று எழுதியிருந்தால் அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரியவில்லை, நுரையாகக் குதிக்கிறது, ஃபயர்மேன் தட்டிப் பார்க்கிறான், சிலிண்டரில் டொக் டொக்கென்று சத்தம் வருகிறது. மட்டம் நிஜமாகவே இறங்கிவிட்டால் நெருப்புப் பெட்டியின் உச்சியில் இருக்கும் ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின் மேலேயே பீறிடும். பாய்லர் வெடிக்காமல் தப்பும், பயணம் தப்பாது. விவரம் எவ்வளவு வேண்டும் என்றால், பாத்திரத்தின் கை தொடுகிற அளவு. டிரைவருக்குத் தெரியாத சூத்திரம் பக்கத்தில் வரக்கூடாது.

இனி காற்று. 1852இல் பாரிஸிலிருந்து ஹென்றி ஜிஃபார் 3 குதிரைத்திறன் நீராவி எஞ்சினோடு 27 கி.மீ. பறந்தார். தீப்பொறி வாயுப்பைக்குப் போகாமலிருக்கப் புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பியிருந்தார். காற்றை எதிர்த்துத் திரும்பி வர எஞ்சினுக்குத் தெம்பு இல்லை. உங்கள் கப்பலோ ஆடியில், ஆரியங்காவுக் கணவாய் வழியாக, மேற்கே போகிறது! தென்காசியில் சாரலுக்கு நின்றவர் எவரும் உங்கள் நாவலின் அந்தப் பக்கத்தைத் தாண்டி வாசிக்க மாட்டார். மேற்கிலிருந்து எதிர்க்காற்று மணிக்கு 40 கி.மீ. வீசினால் கப்பல் நின்ற இடத்திலேயே கரியைத் தின்றுகொண்டிருக்கும். ஐப்பசிக்கு மாற்றினால் வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும். ஆனால் இடி மின்னல். ஹைட்ரஜன் பை. அதுவும் நல்ல அத்தியாயம்தான்.

நெல்லை வாசகருக்கு நீராவி தூரத்துச் சங்கதி இல்லை. மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் 1876லேயே ரயில் வந்துவிட்டது. செங்கோட்டை மலைப்பாதை 1904. பாபநாசம் மில் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி வந்தது. ஆற்றில் சும்மா ஓடுகிற விசையை விட்டுக் கரியைக் காசு கொடுத்து ஏன் எரிக்கிறாய் என்று உங்கள் கதையில் யாராவது கேட்டே ஆகவேண்டும். தூத்துக்குடியில் அன்று பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லாமல் சில மைல் தள்ளி நிற்கும், கரி தோணியில்தான் இறங்கும். வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு எதிராளி முதலில் கை வைத்தது டிக்கெட் விலையில். அதனால் நம்மூர் வாசகர் ஆகாயக்கப்பலைப் பார்த்ததும் ‘யாருடையது, டிக்கெட் எவ்வளவு’ என்று கேட்பார். உங்கள் கைப்பிரதியில் விலையே இல்லை என்றால் அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது.

வாசகர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? ‘பிரமாதம்’ என்ற கடிதத்தால் திருத்தத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பக்க எண் போட்டு ‘இங்கே நிறுத்தினேன்’ என்று வருவதை எடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் மூன்று பேர் நின்றால் தவறு அங்கே இல்லை, பெரும்பாலும் இருபது முப்பது பக்கம் முன்னால் இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான்: மூன்று பேரும் பறக்கும் அத்தியாயத்தில் நின்றிருக்கிறார்கள், கரி ஏற்றும் அத்தியாயத்தை நீங்கள் எழுதியே இருக்க மாட்டீர்கள். அட்டையையும் பாருங்கள். மூன்று பல்சக்கரம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் எதுவுமே சுழலாது, ஐ.டி.ஐ. படித்த பையன் கடையிலேயே சிரிப்பான். ஓவியரிடம் நாலாவது சக்கரம் கேளுங்கள்.

வேலையை விடாதீர்கள். ராயல்டி பொதுவாக 10 சதவீதம். 400 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி முழுக்க விற்றால் 20,000 ரூபாய், அதுவும் வருஷக் கணக்கு முடிந்த பிறகு. மூன்று பாகம் என்று போட்டால் பலர் மூன்றும் வரட்டும் என்று காத்திருப்பார்கள், அதனால் முதல் பாகம் தனியாகவே முடிகிற கதையாக இருக்கட்டும். இரண்டாம் பாகம் வரும்போது முதல் பாகம் கடையில் இல்லையென்றால் இரண்டாவதையும் யாரும் தொடமாட்டார்கள். ஒப்பந்தத்தில் ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இத்தனை மாதம் புத்தகம் அச்சில் இல்லையென்றால் உரிமை உங்களிடம் திரும்பும் என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.