பி.எஸ்சி. நர்சிங் பிள்ளைகளின் கேள்விகள்: நார்செட், ஜெர்மனி, பாண்ட், அப்புறம் அந்த இனிஷியல்

வார்டில் ஒன்பது வருடம், அதன் பிறகு நர்சிங் கல்லூரியில் பதினான்கு வருடம் என்று என் காலம் ஓடியிருக்கிறது. மாணவர்களிடம் கேள்வி அனுப்பச் சொன்னேன். வந்ததில் பாதிக்கு மேல் "எந்த நாட்டுக்குப் போகலாம்?" என்பதுதான். அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் நாடு எதுவானாலும், கல்லூரியை விட்டு வெளியே வரும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடம், நான் நாலாம் வருஷம், திருநெல்வேலி. எய்ம்ஸ் நார்செட் எழுத ரெண்டு வருஷ அனுபவம் வேணும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. உண்மையா?

உனக்கு வேண்டாம்மா. நார்செட் என்பது எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் பணிக்கான பொதுத் தேர்வு. டிப்ளமோ முடித்தவர்களுக்குத்தான் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். பி.எஸ்சி. முடித்தவர்களுக்குப் பட்டமும் நர்சிங் கவுன்சில் பதிவும் போதும். பொதுப்பிரிவுக்கு வயது 18 முதல் 30 வரை, மற்ற பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய், அதற்கு மேல் படிகள்.

முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விகள். பெரும்பகுதி நர்சிங், மீதி பொது அறிவும் திறனறிதலும். தவறான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். அதில் தேறினால் முதன்மைத் தேர்வு.

நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று சொல்கிறேன். பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பத்துப் பக்கம் எழுதிப் பழகியவர்கள் நீங்கள். அங்கே "நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பாய்?" என்று கேட்பான். மனப்பாடம் அதற்கு உதவாது. வார்டு போஸ்டிங்கில் கேர் ப்ளானை, அதாவது நோயாளிக்கான கவனிப்புத் திட்டத்தை, சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதாமல், நோயாளியைப் பார்த்து எழுதியவர்களுக்குப் பதில் தானாக வரும். தினமும் 50 கேள்வி போட்டுப் பார். ஒவ்வொரு தவறான விடையும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதி வை.

சிஸ்டர், நான் பையன். எய்ம்ஸ்ல எங்களுக்கு இடமே இல்லைன்னு சொல்றாங்களே?

இடம் குறைவு, இல்லாமல் இல்லை. நர்சிங் ஆபீசர் பணியில் 80 விழுக்காடு பெண்களுக்கு, 20 விழுக்காடு ஆண்களுக்கு. அதனால் உன் கட்ஆஃப் கூடுதலாக இருக்கும். ரயில்வேயின் நர்சிங் சூப்பிரண்டு தேர்வையும் சேர்த்தே படி தம்பி, அதுவும் அதே சம்பள நிலைதான். தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், அவசரப் பிரிவு ஆகிய இடங்களில் ஆண் செவிலியர்கள் நன்றாகவே முன்னேறுகிறார்கள்.

மாநில அரசு வேலைக்குக் காத்திருக்கலாமா?

தேர்வு எழுது, ஆனால் அதற்காக வீட்டில் உட்கார்ந்து காத்திருக்காதே. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., 2012-ல் தொடங்கியது. 2015-ல் அதன் தேர்வு மூலம் வந்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பியவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. பிறகு ஊதியம் ஏறியது, பலர் நிரந்தரம் ஆனார்கள். ஆனாலும் அந்தக் காத்திருப்பு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நிரந்தரமாகிவிட்டால் நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. நடுவில் வரும் வருடங்களுக்கு ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்.

சமுதாய நலத்தில் ஆர்வம் இருந்தால் இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலையையும் பார். ஒப்பந்தப் பணிதான். ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற அனுபவம் எந்த கார்ப்பரேட் மருத்துவமனையிலும் கிடைக்காது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷ பாண்ட், ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கேக்குறாங்க. குடுக்கலாமா அக்கா?

கொடுக்காதே. பாண்ட் என்றால் அத்தனை வருடம் வேலை பார்ப்பேன், நடுவில் விட்டால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம். சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டு, கையோடு திரும்ப வாங்கு. "எல்லாரும் குடுத்துட்டாங்க" என்பார்கள். என் முதல் வேலையில் நானும் அப்படித்தான் கொடுத்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்கு வர வேண்டி வந்தபோது, பாண்ட் பணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினோம். இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. ஒரிஜினலைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி.யும் சொல்லியிருக்கிறது. உன் கல்லூரி வைத்திருந்தால் டி.சி. வாங்கும் நாளிலேயே எழுத்தில் கேள்.

ஜெர்மனி போக ஆசை. ஏஜென்ட் 'அவுஸ்பில்டுங்'ல சேருங்கன்னு சொல்றாரு.

நில்லும்மா. அவுஸ்பில்டுங் என்பது அந்த நாட்டின் மூன்று வருட நர்சிங் பயிற்சி, ப்ளஸ் டூ முடித்தவர்கள் அதில் சேரலாம். நீ நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள். எதற்காக மறுபடி முதலாம் ஆண்டு? உனக்குரிய வழி, உன் பட்டத்துக்கு அங்கே அங்கீகாரம் வாங்குவது. விண்ணப்பித்தால், உன் படிப்பையும் அவர்கள் படிப்பையும் ஒப்பிட்டு என்ன குறைகிறது என்று எழுதித் தருவார்கள். அந்தக் குறையை அங்குள்ள மருத்துவமனையில் சில மாதப் பயிற்சியாலோ ஒரு தேர்வாலோ சரிசெய்யலாம். அது முடிந்தால் நீ முழு செவிலியர்.

இதில் உண்மையான சுவர் மொழிதான். ஜெர்மன் மொழியில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஒவ்வொரு நிலையாக ஏறி, பொதுவாக பி2 வரை வந்தால்தான் முழு அங்கீகாரம். வேலை முடித்துவிட்டு வந்து படித்தால் ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். மூன்றாம் வருடத்திலேயே ஏ1 தொடங்கு. சென்னையில் இருந்தால், ஜெர்மன் சொல்லித்தரும் கோத்தே நிலையம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. அங்கீகாரத்துக்குப் பாடவாரியாக, வார்டுவாரியாக எத்தனை மணி நேரம் செய்தாய் என்ற விவரம் கேட்பார்கள். வார்டில் செய்ததைப் பதிந்த லாக் புக்கைப் பத்திரமாக வை, பாடமும் மணி நேரமும் மதிப்பெண்ணும் உள்ள ட்ரான்ஸ்கிரிப்டைக் கல்லூரியை விட்டுப் போகும் முன்பே வாங்கு. பத்து வருடம் கழித்து வந்து, அப்போதிருந்த பிரின்சிபால் இல்லை, ரெஜிஸ்டர் இல்லை என்று அலைகிற பழைய மாணவிகளை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

சவுதிக்கு மூணு லட்சம் கேக்குறாங்க. நியாயமான தொகையா?

இல்லை. இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் வாங்கக்கூடிய உச்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. அதற்கு மேல் கேட்கிறவர் முதல் படியிலேயே சட்டத்தை மீறுகிறார். பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். செவிலியர்கள் ஏமாற்றப்படுவது கூடிப்போய்த்தான் 2015-ல் மத்திய அரசு வளைகுடா ஆள்சேர்ப்பை மாநில நிறுவனங்களின் பக்கம் திருப்பியது. தமிழ்நாட்டில் அதற்கென்று 1978 முதல் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே பதிவு செய். வளைகுடாவுக்குப் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவமும், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோவும், அந்த நாட்டு உரிமத்துக்கான ப்ரோமெட்ரிக் கணினித் தேர்வும் வேண்டும். அனுபவச் சான்றில் ஒரு மாதத்தைக்கூடக் கூட்டி எழுதாதே, டேட்டாஃப்ளோ உன் மருத்துவமனையிடமே கேட்கும்.

என்க்லெக்ஸ் பாஸ் பண்ணினா அமெரிக்கா போயிடலாம்தானே?

என்க்லெக்ஸ் அமெரிக்காவில் செவிலியர் உரிமத்துக்கான தேர்வு. அது ஒரு வாசல், விசா இன்னொரு வாசல். 2023 ஏப்ரலில் இருந்து புதிய வடிவம்: குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம், உன் பதிலுக்கேற்ப அடுத்த கேள்வி மாறும். கவனமாகப் படித்தால் தேறலாம். ஆனால் செவிலியர்கள் போகிற கிரீன் கார்டு பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பல வருடம் பின்தங்கி நிற்கிறது. கோச்சிங் விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவை மட்டுமே நம்பி மற்ற கதவுகளைச் சாத்திவிடாதே.

இங்கிலாந்து?

கணினித் தேர்வு, அங்கே போய் செய்முறைத் தேர்வு, அதோடு ஆங்கிலம். ஐஎல்ட்ஸில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7. ஆள் எடுப்பது முன்பு போல் இல்லை, குறைந்துவிட்டது. கேர் ஒர்க்கர் விசா என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதே. வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் அந்த வழியை 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

நான் முதலாம் ஆண்டு, அரசுப் பள்ளியில் படிச்சவள். ஏதாவது உதவித்தொகை கிடைக்குமா மேடம்?

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். சாதிச் சான்று, வருமானச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்தில் மற்ற உதவித்தொகைகளையும் கேள். கேட்டால்தான் சொல்வார்கள்.

எம்.எஸ்சி. சேரலாமா, வேலைக்குப் போகலாமா?

முதலில் வேலை. நோயாளியைத் தனியாகக் கவனித்துப் பழகாதவர்கள் பாடம் நடத்தினால் மாணவர்களுக்குத்தான் கஷ்டம். ஐ.சி.யு. பிடித்திருந்தால் ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டு, கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் ப்ராக்டிஷனர் என்ற இரண்டு வருட முதுகலையைப் பார். பெரும்பகுதி படுக்கையருகிலேயே கற்கிற படிப்பு. மனநலம் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ்.

ஐயோ மேடம், மார்க் ஷீட்ல "கவிதா எஸ்", பாஸ்போர்ட்ல "கவிதா செல்வம்". இது பிரச்னை ஆகுமா?

ஆகும், அதனால்தான் இதைக் கடைசிக்கு வைத்தேன். இனிஷியல் என்பது நமக்குப் பழக்கம். வெளிநாட்டு அலுவலகத்துக்கு அது பெயரும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. என்க்லெக்ஸ் அனுமதிச் சீட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் தேர்வறைக்குள்ளேயே விட மாட்டார்கள். என் மாணவி ஒருத்தி ஒரே ஒரு எழுத்தால் அப்படித் திரும்பி வந்தாள். கட்டிய பணம் போனது, அவள் அழுத அழுகையை மறக்க முடியவில்லை.

பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடிதான் பல்கலைக்கழகமும் கவுன்சிலும் எழுதும். உன் சான்றிதழ்கள் எல்லாம் "கவிதா எஸ்" என்றே இருந்தால், பட்டத்தையும் கவுன்சில் பதிவையும் அப்படியே வாங்கிக்கொள். இனிஷியலின் விரிவு செல்வம் என்பதற்கு நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வை. சில இடங்களில் அதுவே போதும். எழுத்தே வேறாக இருந்தால், உதாரணமாக ஆங்கிலத்தில் ஒன்றில் 'டி.எச்.' (TH), இன்னொன்றில் வெறும் 'டி' (T), அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதுதான் பாதுகாப்பு. அதற்கும் சில வாரங்கள் பிடிக்கும், ஆகவே இறுதியாண்டு லீவிலேயே தொடங்கு. பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள், விண்ணப்பத்தை நிரப்பும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அப்பா பெயரின் எழுத்துகளையும் சேர்த்து.