கல்லுக்கு முன் மரம்

அன்புள்ள அக்கா,

நான் மட்டக்களப்பில் பிறந்து கொபன்ஹேகனில் வளர்ந்தவன். இங்கே நகர நடுவில் வாகனமே ஓடாத ஸ்ட்ரொயட் தெருவில் நடக்கும்போதெல்லாம் எங்கட பட்டணத்தின் நடுவான புளியந்தீவு நினைவுக்கு வரும். போன விடுமுறையில் வந்தபோது கடைத்தெருவில் நிம்மதியாக நடக்க முடியவில்லை. அங்கேயும் வாகனங்களை நிறுத்தி, கல் பதித்து, ஒரு நடைவீதி செய்ய முடியாதா? ஆனால் எங்கட ஆக்களுக்கு நடக்கப் பஞ்சி. அடுத்த கடைக்கும் மோட்டார் சைக்கிள்தான்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் சந்தோஷமாகத்தான் போனது, அந்தக் கடைசி வரி வரும்வரை. யாருக்குப் பஞ்சி? உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமண, யால காடுகளுக்குள்ளால் கதிர்காமம் வரை நடந்து போகிறவர்கள் எந்த ஊர்ச் சனம்? 1924இல் திறந்த கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் வந்து, பஸ்ஸும் லொறியும் அதில் ஓடத் தொடங்கிய பிறகு, பின்னேரங்களில் பழைய பாலத்தில் வாவிக் காற்று வாங்கி நடக்கிறவர்கள் யார்? 1962இல் ஸ்ட்ரொயட்டில் காரை நிறுத்தியபோது உன் ஊர்க்காரரும் இதே கதையைத்தான் சொன்னார்கள்: நாங்கள் டேனிஷ்காரர், தெருவில் உலாவ இத்தாலியர் இல்லை, இந்தக் குளிருக்கு இது சரிவராது என்று. இன்று அதே தெருவில் நீ நடக்கிறாய். இனி எங்கட சனத்தை அப்படி எழுதாதே.

வாகனத்தை எங்கே விடுவது, சாமான் லொறி எத்தனை மணிக்கு வருவது என்பதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. ஸ்பெயினில் பொந்தேவேத்ரா என்ற சிறு நகரம் 1999 முதல் தீர்த்துக் காட்டியிருக்கிறது. அதை விடு.

என் வழக்கு அந்தக் கல்லோடு.

சின்ன வயதில் ஆடி அமாவாசைக்கு அம்மம்மா என்னை மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப் போவா. கச்சான் காற்று அனலாக வீசுகிற காலம். அவ நேராக நடக்கவே மாட்டா. வேலிப் பூவரசுக்குக் கீழே கொஞ்சம், எதிர்ப்பக்க வேம்புக்குக் கிறுகிக் கொஞ்சம், சந்தி வாகைக்குக் கீழே நின்று வெற்றிலை போட்டு, தெரிந்த பொம்பிளைகளோடு ஊர்க்கதை முழுக்கக் கதைத்து முடித்துத்தான் அடுத்த அடி. பிறகு வீதியை அகலமாக்கித் தார்க் காப்பெட் போட்டார்கள். மரங்கள் போய்விட்டன. இப்போது அதே வீதியில் அவவின் வயதுக்காரிகள் ஆட்டோவில் போகிறார்கள். அந்த வெயிலில் வேறென்ன செய்வார்கள்?

நீ இருக்கிற இடத்தில் சூரியன் தாழ்ந்து நிற்கும், மனிதர் வெயிலைத் தேடித் தெருவுக்கு வருவார்கள். நாங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 பாகைக்கும் உள்ளே இருக்கிறோம். கோடையில் உச்சிப் பொழுதுக்குக் கட்டடத்தின் நிழல் சுவரடியை ஒட்டியே முடிந்துபோகும். அந்த நேரத்தில் கட்டடத்தை நம்பினால் தெருவுக்குப் போதிய நிழல் வராது, மரக்கிளைதான் தர வேண்டும். பதித்த கல் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு, பொழுது பட்ட பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு வீதியைத் திறந்து ரிப்பன் வெட்டினால் ஒருவரும் நடக்க வரமாட்டார்கள். உடனே, பார், சனத்துக்குப் பஞ்சி என்று உன்னைப் போலவே எழுதுவார்கள்.

நீ கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன்: முடியும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பின்னேரம் தொடங்கி விடியும்வரை வாகனம் விடுவதில்லை. புளியந்தீவிலும் வெயில் தாழ்ந்த பிறகு சில மணி நேரத்துக்கு அப்படிச் செய்து பார்க்கலாம். வயதானவர்கள் குந்தியிருக்க வாங்கு வேண்டும். பெண்கள் ஒன்பது மணிக்கும் பயமில்லாமல் நடக்க வெளிச்சம் வேண்டும், மலசலகூடம் வேண்டும். பகலுக்கும் நடைவீதி வேண்டுமென்றால் முதலில் மரம்.

உங்கள் ஊர்ச்சங்கம் அடுத்த முறை இங்கே வரவேற்பு வளைவு கட்டக் காசு சேர்த்தால் எழுந்து நின்று மறித்துப் பேசு. அந்தக் காசில் மாரி தொடங்கும்போது வேம்பும் வாகையும் நடட்டும். மூன்று கோடைக்குத் தண்ணி ஊற்றவும், ஆடு மாடு கடிக்காமல் பார்க்கவும் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கட்டும்.

அன்புடன்,
அக்கா