கோப்பையை வென்ற கையோடு ஒரு விளையாட்டு அணியையே கலைத்துவிட்ட சம்பவம் உண்டா?

உண்டு. சான் பிரான்சிஸ்கோ டெல்டாஸ். 2017-ல் அமெரிக்காவின் இரண்டாம் டிவிஷன் கால்பந்து லீக்கான என்ஏஎஸ்எல்லில் புதிதாகச் சேர்ந்த அணி. முதல் சீசனிலேயே கோப்பையை வாங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று இறுதிப் போட்டியில் நியூயார்க் காஸ்மோஸை 2-0 என்று வென்றதுதான் அவர்களுடைய கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு அந்தச் சட்டையை அணிந்து யாரும் களத்தில் இறங்கவில்லை.

நான் அப்போது அந்த ஊரில் இன்னர் சன்செட் பகுதியில் குடியிருந்தேன். கோல்டன் கேட் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கீஸார் ஸ்டேடியம் நடக்கும் தூரம்தான். 1925-ல் திறந்த மைதானம். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்கார இடம் இருந்த பழைய கட்டடத்தில், 1970 வரை ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ என்ற வேறு விளையாட்டின் ஃபார்ட்டி நைனர்ஸ் அணி ஆடியது. அதை இடித்துவிட்டு, சுமார் பத்தாயிரம் பேருக்கான சின்ன மைதானமாகக் கட்டியிருக்கிறார்கள். நகராட்சிக்குச் சொந்தமானது. ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை. ஆட்டம் இல்லாத நாட்களில் அக்கம்பக்கத்துக்காரர்கள் அதில் ஓடிக்கொண்டிருப்பார்கள். கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானம் மூடப்பட்டபோது அங்கிருந்து கழற்றிய நாற்காலிகளில் ஒரு பகுதியை இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அந்த நாற்காலியில் அமர்ந்து டெல்டாஸ் ஆடுவதைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். கோடைக்காலத்திலும் மாலையானால் கடல் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கிவிடும், ஜாக்கெட் இல்லாமல் உட்கார முடியாது. கூட்டம் குறைவு என்பதால் களத்தில் ஒருவரையொருவர் கூப்பிடுவது, பயிற்சியாளர் கத்துவது எல்லாம் காதில் விழும். தடுப்பாட்டக்காரர் எந்த நொடியில் ‘முன்னால் போ’ என்று சொல்கிறார், கோல்கீப்பர் எப்போது பின்வரிசையை நகர்த்துகிறார் என்று கேட்டுக்கேட்டே எனக்கு ஆட்டம் கொஞ்சம் பிடிபட்டது. பெரிய அணிகளின் ஆட்டத்தில் இது கிடைக்காது.

அந்தக் கோப்பைக்கு ஒரு முன்கதை இருக்கிறது. பயிற்சியாளர் மார்க் டோஸ் சான்டோஸ், 2015-ல் கனடாவின் ஒட்டாவா ஃப்யூரி அணியை இதே லீக்கின் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். அதில் காஸ்மோஸிடம் 2-3 என்று தோற்றார். காஸ்மோஸுக்கு ஆடிய ஸ்பெயின் நட்சத்திரம் ரவுல் ஓய்வுபெற்ற ஆட்டம் அதுதான் என்பதால் உலகத்தின் கண் முழுக்க அவர் மேல் இருந்தது. ஒட்டாவாவின் இரண்டு கோல்களையும் போட்ட டாமி ஹைன்மனைப் பற்றிப் பேச ஆளில்லை. டோஸ் சான்டோஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்ததும் அதே ஹைன்மனையும், அதே ஆட்டத்தில் கோல்கீப்பராக இருந்த பிரெஞ்சுக்காரர் ரொமுவால் பெய்ஸரையும் டெல்டாஸுக்கு அழைத்துக்கொண்டார். இரண்டே வருடத்தில் மறுபடியும் இறுதிப் போட்டி, மறுபடியும் காஸ்மோஸ். 2013, 2015, 2016 என்று மூன்று முறை கோப்பை வாங்கிய அணி. முதல் பாதியிலேயே ஹைன்மன் பெனால்டியில் கோல் போட்டார். பெய்ஸர் ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. ஆட்டத்தின் கடைசியில் கூட்டித் தரும் காயநேரத்தில் டெவன் சாண்டோவல் இரண்டாவது கோலைப் போட்டதும் மொத்த மைதானமும் எழுந்து நின்றது. அன்றைக்கு வந்திருந்தவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். சீசனில் சராசரிக் கூட்டம் மூவாயிரத்தைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காட்சியின் அருமை புரியும்.

அணி அடுத்த வருடம் இருக்காது என்ற பேச்சு அதற்கு முன்பே பரவியிருந்தது. தெரிந்தும் அப்படி ஆடினார்கள். அந்த வீரர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் இருக்கும் மரியாதைக்குக் காரணம் அதுதான்.

சரி, ஏன் கலைத்தார்கள்?

கூட்டம் வரவில்லை, பணம் கரைந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். உண்மைதான். தலைமை நிர்வாகி பிரையன் ஆண்ட்ரெஸ் ஹெல்மிக்கும் சரி, முதலீடு செய்தவர்களில் பலரும் சரி, தொழில்நுட்பத் துறையிலிருந்து வந்தவர்கள். இரண்டாம் டிவிஷனில் சொல்லிக்கொள்ளும்படி டிவி வருமானம் கிடையாது. டிக்கெட்டும் ஸ்பான்சரும்தான் சோறு போட வேண்டும். ஆனால் எந்த லீக்கில் ஆடினார்கள் என்பதைப் பார்க்காமல் இந்தக் கணக்கு முழுதாகப் புரியாது.

அந்த வருடம் லீக்கில் மொத்தமே எட்டு அணிகள். டெல்டாஸைத் தவிர மற்றவை மயாமி, ஜாக்ஸன்வில், நார்த் கரோலினா, நியூயார்க், இண்டியானாபொலிஸ், கனடாவின் எட்மன்டன், அப்புறம் கரீபியன் கடலில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ. அமெரிக்காவின் மேற்குக் கரையில் டெல்டாஸ் மட்டும்தான். வெளியூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் விமானம் ஏற வேண்டும். செலவை விடுங்கள், பக்கத்து ஊர்ப் பகை என்ற ஒன்றே இல்லை. சுமார் 140 கிலோமீட்டரில் சேக்ரமென்டோ ரிபப்ளிக் என்று கூட்டம் சேர்க்கும் அணி ஒன்று இருந்தது. அது என்ஏஎஸ்எல்லுக்குப் போட்டியாக இருந்த யுஎஸ்எல் என்ற லீக்கில் ஆடியது. ஜாக்ஸன்வில் வருகிறது என்று சொன்னால் சான் பிரான்சிஸ்கோக்காரருக்கு எதற்கு ரத்தம் கொதிக்கும்? சேக்ரமென்டோ வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

லீக்கும் அப்போதே ஆட்டம் கண்டிருந்தது. 2016 முடிவில் மின்னசோட்டா அணி முதல் டிவிஷனான எம்எல்எஸ்ஸுக்குப் போனது. டாம்பா பேயும் ஒட்டாவாவும் யுஎஸ்எல்லுக்குத் தாவின. ஓக்லஹோமா சிட்டியில் ஸ்பெயினின் ராயோ வயெகானோ கிளப் தொடங்கிய ராயோ ஓகேசி ஒரே சீசனோடு முடிந்தது. அங்கே பங்குதாரர்களுக்குள் தகராறு முற்றி, ஒருவர் ஆடுகளத்தின் செயற்கைப் புல்லில் ஒரு பகுதியையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்! இப்படிப்பட்ட நேரத்தில்தான் டெல்டாஸ் உள்ளே நுழைந்தது.

அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம்தான் எந்த லீக் எந்த டிவிஷன் என்று வருடாவருடம் அங்கீகாரம் தரும். அதற்கு அணிகளின் எண்ணிக்கை, மைதானத்தின் அளவு, முதன்மை உரிமையாளரின் சொத்து மதிப்பு என்று விதிகள் உண்டு. 2011-ல் தொடங்கிய என்ஏஎஸ்எல் இதற்குள் 12 அணிகளை எட்டியிருக்க வேண்டும். எட்டவில்லை. 2018-க்கு இரண்டாம் டிவிஷன் அங்கீகாரம் கிடையாது என்று சம்மேளனம் சொல்லிவிட்டது. செப்டம்பரில் லீக் வழக்குப் போட்டது. நவம்பர் 4 அன்று, சம்மேளனத்தின் முடிவுக்கு இடைக்காலத் தடை கிடையாது என்று புரூக்ளின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதிப் போட்டிக்கு எட்டு நாள்தான் இருந்தது. ஆட லீக்கே இல்லாமல் அடுத்த வருடச் செலவுக்கு யார் பணம் போடுவார்கள்? 2018 சீசன் நடக்கவே இல்லை. இண்டியானாபொலிஸும் நார்த் கரோலினாவும் யுஎஸ்எல்லில் சேர்ந்து பிழைத்துக்கொண்டன.

இங்கிலாந்தில் என்றால் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடிக்கும் அணி மேலே ஏறிவிடும். அமெரிக்காவில் அந்த ஏற்றமும் இறக்கமும் கிடையாது. மேல் லீக்கில் இடம் வேண்டுமென்றால், பெரிய கடைத்தெருவில் கடை பிடிப்பதுபோல விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்தக் காலகட்டத்தில் விலை 150 மில்லியன் டாலர். 2016-ல் யுஎஸ்எல்லில் தொடங்கிய எஃப்சி சின்சினாட்டி, அங்கே பிளேஆஃப் கோப்பை எதையும் வெல்லாமலே 2019-ல் எம்எல்எஸ்ஸில் ஆடியது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு ஆட்டத்துக்கு இருபதாயிரம் பேரைச் சேர்த்தார்கள், பெரிய சாதனை. ஆனால் களத்தில் வென்ற அணிக்கு அந்த வெற்றியால் ஒரு பலனும் இல்லை என்பது எனக்கு இன்றும் ஜீரணிக்க முடியாத அநியாயம்.

கீஸாருக்கு இது புதிதும் இல்லை. 2007-ல் ஸ்பெயினின் அலாவெஸ் கிளப்போடு சேர்ந்து கலிஃபோர்னியா விக்டரி என்ற அணி இதே மைதானத்தில் ஒரே ஒரு சீசன் ஆடி மறைந்தது. அதே கீஸாரில் ஆடிவந்த சான் பிரான்சிஸ்கோ சிட்டி எஃப்சி 2001-ல் தொடங்கியது. அதன் பெரும்பான்மைப் பங்கு ரசிகர்களான உறுப்பினர்களிடம். அமெச்சூர் மட்டத்தில் சிறிய செலவில் நடந்த கிளப். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டெல்டாஸுக்குக் கிடைக்காமல் போனது அவகாசம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஊர் ஓர் அணியை ‘எங்களுடையது’ என்று சொல்ல எட்டு மாதம் போதாது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஓக்லண்ட் ரூட்ஸ் 2018-ல் உருவானது. ஊரோடு ஒட்டி, ரசிகர்களிடமே பங்கு விற்று மெதுவாக வளர்ந்து, 2025-ல் சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு 26,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆக, அந்தப் பகுதியில் கால்பந்துக்கு ஆளில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கலைந்த பிறகு டோஸ் சான்டோஸ் லாஸ் ஏஞ்சலஸ் எஃப்சிக்கு உதவிப் பயிற்சியாளராகப் போய், பிறகு வான்கூவர் வைட்கேப்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். டெல்டாஸின் நடுக்களத்தில் ஆடிய கைல் பெக்கர், கனடாவின் ஃபோர்ஜ் எஃப்சிக்குக் கேப்டனாகிப் பல பட்டங்கள் வாங்கினார். என்ஏஎஸ்எல்லின் வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2025 பிப்ரவரியில் ஜூரி சம்மேளனத்துக்கும் எம்எல்எஸ்ஸுக்கும் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே யுஎஸ்எல் அணிகளின் உரிமையாளர்கள், தங்கள் டிவிஷன்களுக்குள் ஏற்றமும் இறக்கமும் கொண்டுவர வாக்களித்திருக்கிறார்கள். அது நடைமுறைக்கு வந்தால், கீழ் டிவிஷனில் கோப்பை வாங்கும் அடுத்த அணிக்கு மறு வருடம் ஏறிப்போக ஒரு இடமாவது இருக்கும்.