ஒரே 'செக்'குக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

கேள்வி: 'செக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சதுரங்கத்தில் ஒரு பொருள், வங்கியில் ஒரு பொருள், துணிக்கடையில் ஒரு பொருள் இருக்கிறது. இவை எல்லாம் ஒரே சொல்தானா, இல்லை ஒலி மட்டும் ஒன்றாக இருக்கும் வேறு வேறு சொற்களா?

பதில்:

ஒரே சொல்தான். அதுவும் ஒரு ராஜாவின் பட்டப்பெயர்.

இதைத் தேடிப் படிக்க வைத்தவள் என் தங்கை மகள். ஒரு கோடை விடுமுறையில் எங்கள் ஊர் ஓடைப் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே ஒரு தடுப்பணை. பக்கத்துப் பலகையில் தமிழில் தடுப்பணை என்றும் ஆங்கிலத்தில் 'செக் டேம்' என்றும் எழுதியிருந்தது. "மாமா, இங்க எதை செக் பண்ணுவாங்க?" என்று கேட்டாள். "தண்ணி எவ்வளவு வந்திருக்குன்னு செக் பண்ணுவாங்க" என்று கூசாமல் சொல்லிவிட்டேன். ஒப்பந்ததாரர் ஒருவரிடம் மேற்பார்வையாளராக இருந்தபோது இதே மாதிரி மூன்று தடுப்பணை கட்டியவன் நான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பலகையின் தமிழ்ப் பாதியைப் படித்திருந்தாலே போதும். பெயர் வைத்த புண்ணியவான் தெளிவாகத்தான் இருந்திருக்கிறார். அது தண்ணீரைச் சோதிக்கிற அணை இல்லை, தடுக்கிற அணை. செக் போஸ்ட் வந்தபோது 'சோதனைச் சாவடி' என்று மாற்றினார்கள். வங்கிச் செக் 'காசோலை' ஆனது. செக் சட்டை நமக்கு எப்போதுமே கட்டம் போட்ட சட்டை. ஒரே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் நாலு சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த நாலும் எங்கே ஒன்று சேர்கின்றன என்று பார்க்க ஈரான் வரை போக வேண்டும்.

சதுரங்கம் இங்கிருந்து போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சதுர் என்றால் நான்கு, அங்கம் என்றால் உறுப்பு. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நாற்படை. சதுரமான அரங்கத்தில் ஆடுவதால் சதுரங்கம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பொருத்தமாக இருக்கிறதே தவிர, பெயர்க் காரணம் அது இல்லை. இந்த ஆட்டம் பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது, அரபியர் வாயில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. நம் ராஜா அங்கே 'ஷா' ஆனார். ஷா என்றால் பாரசீகத்தில் அரசன். எதிராளியின் ராஜாவைத் தாக்கும் இடத்தில் காயை வைத்தால் "ஷா!" என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

அந்தக் கூவல்தான் பயணம் போனது. அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்து லத்தீனில் 'ஸ்காக்குஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'செக்' ஆகிவிட்டது. ஆட்டத்தின் பெயரான 'செஸ்' கூட அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான். ஆக, செஸ் என்றால் 'ராஜாக்கள்'. ஜெர்மானியர் 'ஷாக்' என்கிறார்கள், ரஷ்யர் 'ஷாஹ்மதி' என்கிறார்கள். நம் சதுரங்கம் என்ற பெயரை அரபியர் வழியாக வாங்கிக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் ஸ்பானியர்கள். அவர்கள் சொல்வது 'அஹெத்ரேஸ்'.

ஷா என்ற சொல்லுக்கும் முன்கதை உண்டு. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ஆட்சிக்கு வந்த பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ், பெஹிஸ்தூன் மலைப்பாறையில் தன் பெருமையை வெட்டி வைத்திருக்கிறான். அதில் தன்னைக் 'க்ஷாயதிய' என்று சொல்லிக்கொள்கிறான். அது தேய்ந்துதான் ஷா. வடமொழியில் 'க்ஷத்ர', அதிலிருந்து வந்த 'சத்திரியர்' எல்லாம் அதே வேர்தான். ஆளுதல் என்று பொருள். பாதுஷா என்ற பட்டத்தின் வாலில் இருப்பதும் இதே ஷா. இனிப்புக்கடை பாதுஷாவை வடக்கே பாலுஷாஹி என்பார்கள், அதிலும் ஒரு ஷா உட்கார்ந்திருக்கிறார். தீபாவளிக்குப் பெட்டி வாங்கும்போது ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

செக்மேட் என்பது 'ஷா மாத்'. அரபியில் 'மாத' என்றால் இறந்தான். அதனால் "ராஜா செத்தான்" என்று பலர் பொருள் சொல்வார்கள். இன்னொரு கட்சி, பாரசீகத்தில் 'மாத்' என்றால் திகைத்துப் போனவன், ஒன்றும் செய்ய முடியாதவன் என்கிறது. நான் இரண்டாவது கட்சி. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லை. நகர இடமில்லாமல் நிற்கிறார், ஆட்டம் முடிந்துவிடுகிறது. செத்தவருக்கு எதற்கு இடம்?

சரி, தடுப்பணைக்கு வருவோம். ராஜாவுக்கு செக் வைத்துவிட்டால் நீங்கள் வேறு எந்த வேலையும் பார்க்க முடியாது. எதிராளியின் ராணியை வெட்டப் போகிறவராக இருந்தாலும் கையை எடுத்துவிட்டு முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். போட்டது போட்டபடி நிற்க வேண்டும். இந்த 'திடீரென்று நிறுத்தப்படுதல்' என்ற பொருள் பலகையை விட்டு வெளியே வந்தது. ஓடுகிறதை நிறுத்துவது செக், அடக்கி வைப்பது செக். பட்டறையில் ஒரு நட்டு கழன்றுவிடாமல் அதன் மேலேயே இன்னொரு நட்டை இறுக்குவார்களே, அது செக் நட். பம்பு செட்டில் மேலே ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் நிறுத்துவது செக் வால்வு. எதையும் சோதிக்கிற வேலை இவற்றுக்கு இல்லை. இரண்டையும் நூறு தடவை கையில் தொட்டிருக்கிறேன், ஒரு தடவையாவது ஏன் இந்தப் பெயர் என்று யோசித்திருப்பேனா? நம் பத்திரிகைகள் "எதிரணிக்கு 'செக்' வைத்த தலைவர்" என்று தலைப்பு போடுவதும் இந்தக் கிளைதான். பார்க்கப்போனால் மூலப் பொருளுக்கு ரொம்ப நெருக்கமாக இருப்பது அந்தத் தலைப்புதான்.

சோதனை என்ற பொருள் பிந்தி வந்தது. அடக்கி வைப்பதிலிருந்து கட்டுப்படுத்துவது, கட்டுப்படுத்துவதிலிருந்து தவறு நடக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று மெல்ல நகர்ந்து 17-ஆம் நூற்றாண்டில்தான் 'சரிபார்' என்ற பொருள் ஊன்றியது. இன்று உலகமே அதிகம் பயன்படுத்துவது இந்தக் கடைக்குட்டியைத்தான். "செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! பஸ்ஸில் "செக்கிங் ஏறிட்டாங்க" என்று யாராவது சொன்னால் டிக்கெட் வைத்திருப்பவர்கூடச் சட்டைப்பையைத் தடவுவார். செக் போஸ்ட்டில் மட்டும் இரண்டு பொருளும் ஒரே இடத்தில் நிற்கின்றன. வண்டியைத் தடுக்கிறார்கள், அப்புறம் சோதிக்கிறார்கள். தமிழில் சோதனையை எடுத்துக்கொண்டு தடுப்பை விட்டுவிட்டோம். தடுப்புக் கட்டைதான் அங்கே கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம், ஆனாலும் சாவடிக்குப் பெயர் சோதனைதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பணம் சம்பந்தப்பட்ட கிளை. பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்கு 'எஷெக்கியே' என்று பெயர். இங்கிலாந்தில் 12-ஆம் நூற்றாண்டில் அரசரின் வரிக்கணக்குப் பார்க்க ஒரு பெரிய மேசை வைத்திருந்தார்கள். இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அந்த அலுவலக நடைமுறையை ஒரு லத்தீன் நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். அவர் கணக்குப்படி மேசை சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். காசு உருண்டு விழாதபடி சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது தலைவலி. அதனால் கட்டங்களில் காய்களை வைத்து, நகர்த்தி, எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். மாவட்ட வரி வசூலுக்குப் பொறுப்பான ஷெரிஃப், ஈஸ்டருக்கு ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல் திருநாளுக்கு ஒருமுறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை வந்து இந்த மேசை முன்னால் உட்கார வேண்டும். இந்தப் பக்கம் பொருளாளர், அந்தப் பக்கம் ஷெரிஃப். சதுரங்கத்தில் இரண்டு படை மோதுவதுபோல இங்கே இவர்கள் இருவரும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். தணிக்கைக்கு ஃபைலோடு போய் உட்கார்ந்தவர்களுக்கு இந்த உவமை நன்றாகப் புரியும்.

மேசையின் பெயர் அலுவலகத்துக்கு ஒட்டிக்கொண்டு 'எக்ஸ்செக்கர்' ஆனது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான். நேராகச் சொன்னால் சதுரங்கப் பலகையின் அமைச்சர்.

வங்கிச் செக் இந்த எக்ஸ்செக்கரிலிருந்து நேரே வந்தது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முழுக்கச் சரியில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்றால் பணம் கொடுக்கும் தாள் இல்லை, அதன் அடிக்கட்டைக்குத்தான் அந்தப் பெயர். கிழித்துக் கொடுத்த தாளில் யாராவது தொகையைத் திருத்தினால் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். மோசடிக்கு அது ஒரு தடுப்பு, ஒரு செக். பிறகு கட்டையின் பெயர் தாளுக்கு நகர்ந்தது. பிரிட்டனில் எக்ஸ்செக்கரின் எழுத்தைப் பார்த்து 'சி-எச்-இ-கியூ-யு-இ' என்று எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்கர்கள் பழையபடி 'சி-எச்-இ-சி-கே' என்றே எழுதுகிறார்கள். நம் நாட்டில் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் பிரிட்டிஷ் எழுத்தில்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அமெரிக்க எழுத்தில் ஒரு கடிதம் எழுதி, மேலாளர் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினார். அவர் சுழித்த எழுத்துதான் மூத்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது.

அடிக்கட்டை என்றதும் இன்னொன்று. அதே எக்ஸ்செக்கரில் ரசீதாக ஒரு மரக்குச்சியில் தொகைக்கேற்ப வெட்டுப் போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பெரிய பாதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர். ஸ்டாக் என்றால் அடிமரம். நாம் ரசீதுப் புத்தகத்தில் மிஞ்சுவதை அடிக்கட்டை என்கிறோம். ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே இரண்டு மொழிக்காரர்களும் கணக்குப் பார்க்க மரத்தடிக்கு வந்திருக்கிறார்கள். வழக்கொழிந்து குவிந்து கிடந்த அந்தக் குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று உலையில் போட்டு எரிக்கப் போய், லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து போனது.

கட்டம் போட்ட துணி எளிய கதை. ராஜாவின் பெயர் பலகைக்கு, பலகையின் பெயர் அதிலுள்ள கட்டங்களுக்கு, கட்டங்களின் பெயர் துணிக்கு. கட்டம் போட்ட கைலி கட்டி வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஈரான் அரசருக்கும் அப்படி ஒரு உறவு. நம் ஊரிலிருந்து போன பருத்திக் கட்டத் துணிக்கு வெளிநாட்டுச் சந்தையில் 'மெட்ராஸ் செக்' என்றே பெயர். (ஆங்கிலத்தில் அதைப் பன்மையில் சொல்வார்கள். தமிழில் அப்படி எழுதினால் வேறு சொல்லாகிவிடும், விட்டுவிடுங்கள்.) 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். அன்று அந்த வழியாகப் போனவர்கள் செக் என்ற சொல்லின் மேலேயே வண்டி ஓட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்க ஓட்டலில் பில்லை செக் என்பது, சரி என்று போடும் டிக் குறியை செக் என்பது எல்லாம் சரிபார்க்கும் கிளையில் முளைத்தவை. அவற்றில் பெரிய சுவாரஸ்யம் இல்லை.

இத்தனையும் படித்து முடித்து அடுத்த விடுமுறைக்கு மருமகள் வந்ததும், தடுப்பணையைப் பற்றிப் பொய் சொன்னதை ஒத்துக்கொண்டு முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பாதுஷா வந்த இடத்தில் மட்டும் சிரித்தாள். கடைசியில், "அப்போ எண்ணெய் ஆட்டுற செக்கு?" என்றாள்.

அது நம் சொந்தச் சொல், ஷாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றேன். பிராக் நகரம் இருக்கிற செக் நாடும் அப்படித்தான். அது அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். இந்தத் தடவை இரண்டையும் சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.