விண்டோஸ் 10 ஓடும் பழைய லேப்டாப்பை லினக்ஸுக்கு மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். இதற்காக நன்றாக ஓடும் மெஷினைத் தூக்கிப் போடுவது வீண் செலவு.

லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிரவுசர், எம்எஸ் ஆபிஸ் மாதிரியான லிப்ரே ஆபிஸ் கூடவே வரும். தமிழ்99 தட்டச்சும் உண்டு.

சிக்கல் கணக்கு எழுதும் டேலி, போட்டோஷாப் போன்றவற்றில்தான். லினக்ஸுக்கு அவை வருவதில்லை. பிழைப்பே டேலியில் என்றால் மாறாதீர்கள். அப்புறம், பாமினியில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவையும் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் கோப்பு முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.