சாம்பிளிங் வசதிக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

சென்ற வாரம் நீங்களும் உங்கள் அண்ணனும் பிளஸ் டூ முடித்த மகனை அழைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். ஆறு ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிக்கும் பையனைச் சென்னையில் ஒரு தனியார் சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமோவில் சேர்த்து, கையோடு மூன்றரை லட்சம் ரூபாய்க்கு ஓர் ஒர்க்ஸ்டேஷனும் (ஒரு பாட்டு முழுவதையும் தனக்குள்ளேயே அமைக்கத்தக்க பெரிய கீபோர்டு) வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அண்ணனின் திட்டம். "சாம்பிளிங் உள்ளேயே இருக்கிறது, ஸ்டுடியோவே வீட்டுக்கு வந்த மாதிரி" என்று கடையில் சொன்னதை அவர் இரண்டு முறை எடுத்துச் சொன்னார். நீங்கள் கேட்டது ஒன்றைத்தான்: அடகுக்குப் போகும் நகை திரும்பி வருமா? பையன் அந்த அரை மணி நேரத்தில் வாயே திறக்கவில்லை. நானும் இதமாக நான்கு வார்த்தை பேசி அனுப்பிவிட்டேன். அது போதாது என்று பிறகு பட்டதால் தெளிவாகவே எழுதுகிறேன்: அந்தக் கீபோர்டை இப்போது வாங்க வேண்டாம்.

சாம்பிளிங் என்பது ஒரு கருவியின் ஒலியைப் பதிவு செய்து, கீபோர்டின் கட்டைகளில் பரப்பி வாசிப்பது. 1979இல் சிட்னியில் உருவான ஃபேர்லைட் என்ற கருவி இதைச் செய்தபோது, சாதாரணக் கலைஞர் எவரும் அதன் விலையை நெருங்க முடியவில்லை. பின்னர் விலை இறங்கி, ஒர்க்ஸ்டேஷன்களுக்குள்ளேயே சாம்பிளிங் புகுந்தது. 1999இல் வந்த கோர்க் நிறுவனத்தின் ட்ரைட்டன் ஒர்க்ஸ்டேஷனில் இதற்கென இருந்த நினைவகம் 16 எம்பி. சிடி தரத்தில், ஒற்றைத் தடமாக (மோனோவில்), ஏறக்குறைய மூன்று நிமிட ஒலி மட்டுமே அதில் அடங்கும். மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் அழிந்துவிடும். வெளியே தனி வட்டு இணைக்காதவர்கள் பன்னிரண்டு ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகச் செருகித்தான் அதை மீண்டும் நிரப்ப வேண்டியிருந்தது. அன்றைக்கு வேறு வழி சுலபமாகக் கிடைக்காததால், அந்தச் சிரமத்துக்கும் ஒரு மதிப்பு இருந்தது.

இன்று நிலைமை வேறு. 2001இல் வந்த தன் மோட்டிஃப் வரிசையில் சாம்பிளிங்கைச் சேர்த்த யமஹாவே, 2016இல் மான்டாஜைக் கொண்டுவந்தபோது அந்தப் பதிவு வசதியை விட்டுவிட்டு, வெளியே தயாரித்த ஒலிகளை ஏற்றிக்கொள்ள நினைவகத்தை மட்டும் தந்தது. கோர்க் 2020இல் வெளியிட்ட நாட்டிலஸிலும் அந்தப் பதிவு வசதியைக் கைவிடவில்லை. ரோலண்ட் ஃபேன்டமில், விரலால் தட்டும் சிறு கட்டங்களான பேடுகளில் பதிவு செய்யலாம். தயாரிப்பாளர்களுக்குள்ளேயே இப்படி இரு வழிகள் இருக்கும்போது, சாம்பிளிங் இல்லாவிட்டால் பையனின் எதிர்காலமே இல்லை என்று கடையில் சொல்வதை நம்பி நீங்கள் கடன் வாங்கக் கூடாது. கீபோர்டின் சிறு திரையில் லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் பகுதி) தொடங்கும் புள்ளியைத் தேடுவதைவிட, மடிக்கணினியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வெட்டுவது பல மடங்கு எளிது.

உள்ளேயே சாம்பிளிங் இருப்பது உண்மையாகவே பயன்படும் இடம் மேடை. பாட்டுக்கு நடுவே கைதட்டலையோ கோரஸையோ ஒரு பேடைத் தட்டி ஒலிக்கவிடவும், ஒத்திகையில் பாடகர் பாடிய ஒரு வரியை அங்கேயே பிடித்துக்கொள்ளவும் அது உதவும். உங்கள் மகன் வாரம் நான்கு கச்சேரி வாசிக்கிறவனாக இருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். அவன் மாதத்துக்கு ஒன்று வாசிக்கிறான்.

இனி, அன்று நாம் யாருமே கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் அண்ணனும் வெளியே சென்றபின் பையன் தன் கைபேசியைக் காட்டினான். ஊர்க் கோயிலில் சேகண்டி அடிக்கும் ஒலியைப் பதிவு செய்து, வீட்டுக் கீபோர்டில் ஏற்றியிருந்தான். ஒரு ஸ்தாயி கீழே வாசித்தால் அதே ஒலி இரண்டு மடங்கு நீண்டு பெரிய கோயில் மணி போல முழங்குகிறது. மேலே போனால் கொசு போல மெலிகிறது. "ஒரே பதிவை இவ்வளவு தூரம் இழுக்கக் கூடாது சார், வேறு அளவில் இன்னும் இரண்டு சேகண்டி கிடைத்தால் சரியாக இருக்கும்" என்றான். சாம்பிளிங்கின் முதல் பாடத்தை யாரும் சொல்லித் தராமல் அவன் காதாலேயே கண்டுபிடித்திருக்கிறான். நான் ஆலோசனை சொல்வது இந்தக் காதை நம்பித்தான்.

நம் கருவிகளைச் சாம்பிள் செய்து, மற்றவர்கள் வாசிக்கத்தக்க டோன்களாக ஆக்குவது ஒரு தனித் தொழில். நம் வீடுகளில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கீபோர்டுகளுக்குப் பொதுவாக 1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி என்ற பட்டியலின் 128 ஒலிகளில் சிதார் உண்டு, ஷெனாய் உண்டு; வீணையும் நாதஸ்வரமும் இல்லை. அந்த இடம் இன்னும் முழுதாக நிரம்பவில்லை. ஒரு வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஸ்தாயிக்கு 36 ஸ்வர இடங்கள். மூன்றுக்கு ஒன்றாகப் பதிவு செய்தால் 12. ஒவ்வொன்றையும் மென்மையாக, நடுத்தரமாக, வலுவாக என மூன்று விதமாகவும், அடுத்தடுத்து மீட்டும்போது இயந்திரம் போல ஒலிக்காமலிருக்க விதத்துக்கு இரண்டு முறையாகவும் மீட்டினால் மொத்தம் 72 பதிவுகள். மின்விசிறியை நிறுத்தி, தெரு அடங்கிய இரவில் எடுக்க வேண்டும். பிறகு, ஒலி அலை சுழியக் கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டி, கோப்புக்குப் பெயரிட்டு, கட்டை கட்டையாகப் பொருத்த வேண்டும். இதெல்லாம் முடிந்த பின்னும் கமகம் இருக்கிறது: ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்தால் அவற்றுக்கு இடையே ஓடும் அசைவு கிடைக்காது. எதைச் சொற்றொடராகப் பதிவு செய்வது, எதைப் பிட்ச் பெண்டுக்கு (ஸ்வரத்தை வளைக்கும் கீபோர்டு வசதிக்கு) விடுவது என்று தீர்மானிக்க, கருவியை அறிந்த காது வேண்டும். அந்தக் காதை எந்த ஒர்க்ஸ்டேஷனும் விற்பதில்லை.

செலவைப் பாருங்கள். மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், நல்ல ஹெட்ஃபோன் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய். வெட்டுவதற்கு ஆடாசிட்டி, பொருத்துவதற்கு பாலிஃபோன், வாசித்துப் பார்க்க டிசென்ட் சாம்பிளர் ஆகிய மென்பொருள்கள் இலவசம். மடிக்கணினி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. மேடைக்குத் தேவையென்றால், ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 போல வெளியிலிருந்து சாம்பிளை ஏற்றிக்கொள்ளும் எளிய கீபோர்டு ஒன்றைப் பிறகு பழையதாகவே வாங்கலாம்.

இது உடனே மாதச் சம்பளம் தரும் வேலை அன்று. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கையூட்ட மாட்டேன். ஆகவே ஊரிலேயே அரசுக் கல்லூரியில் இயற்பியல் படிக்கட்டும், அல்லது தரமணியில் உள்ள அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கட்டும். லட்சக்கணக்கில் கேட்கும் அந்த டிப்ளமோவுக்குக் கடன் வாங்குவதை நான் எதிர்க்கிறேன். அண்ணன் அன்பினால் சொல்கிறார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வட்டி கட்டப்போவது அவர் அல்லர், அந்த வகுப்பில் உட்காரப்போவதும் அவர் அல்லர். அவர் உதவ விரும்பினால் அந்த இருபதாயிரத்தைக் கொடுக்கட்டும்.

பையனிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். திரைப்படப் பாடல்களிலிருந்து ஒலியை வெட்டி எடுத்து விற்கக் கூடாது. அது பிறர் உடைமை. வேறொரு கலைஞரைப் பதிவு செய்தால் அனுமதி கேட்டு, உரிய தொகையைக் கொடுத்துவிட வேண்டும். சேகண்டியை நல்ல மைக்கில் மறுபடி பதிவு செய்யும்போது, குருக்களிடம் சொல்லிவிட்டு, தெருவில் வண்டி ஓட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து எடுக்கட்டும். இப்போதைய பதிவில், ஒலி அடங்கிவரும் கடைசி நொடியில் ஒரு பேருந்தின் ஹாரன் கேட்கிறது.